வெயில் படாத பக்கம்

போன இதழில் குளத்துப் பாசனம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "விமானத்தில் இருந்து பார்த்தால் நம்ம ஊர்க் குளங்கள் கோத்துப் போட்ட மாலை மாதிரி தெரியும்." அவ்வளவுதான். குளத்தை எல்லாரும் விட்டுவிட்டார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமான ஜன்னலைப் பற்றி. சரி, அதையே பேசிவிடுவோம். முப்பத்தொரு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறென்ன வேண்டும்? மகள் டெல்லியிலும் மகன் சென்னையிலும் இருப்பதால் ஓய்வுபெற்ற பிறகு வருஷத்துக்கு நாலைந்து தடவை பறக்க வேண்டியிருக்கிறது. ஜன்னலோரம் கிடைக்காத பயணத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நானும் வீட்டுக்காரரும் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறோம். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் இருந்து, காலை விமானத்தில் சென்னை. மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்புகிறோம். எந்த சீட் எடுத்தால் நன்றாக வேடிக்கை பார்க்கலாம் டீச்சர்?
— வாசகி, வீரவநல்லூர்

தாயி, திருநெல்வேலியில் காலை நேரம் நாகர்கோவில் பஸ் ஏறினால் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்? யோசிக்காமல் வலது பக்கம் போவீர்கள். பஸ் தெற்கே போகிறது, இடது கை கிழக்கு, நாங்குநேரி வருவதற்குள் வெயில் கன்னத்தைப் பொசுக்கிவிடும். வலது பக்கம் நிழல், கூடவே மேற்கு மலை. இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு விமானத்தில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. சூரியன் இருக்கிற பக்கம் உட்கார்ந்தால் ஜன்னலில் உள்ள கீறலும் தூசியும்தான் பளபளக்கும், ஊர் தெரியாது. வெயில் முதுகுப் பக்கம் இருந்து, நாம் பார்க்கிற நிலத்தின் மேல் விழ வேண்டும்.

மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது கை ஜன்னல் 'ஏ'. வலது கை ஜன்னல், நம்ம ஊர்ப் பக்கம் வருகிற விமானங்களில், 'எஃப்'. காலையில் சென்னைக்குப் போகும்போது விமானம் வடக்கே போகிறது, வெயில் வலது பக்கம். ஆகவே இடது பக்கம் 'ஏ'. சாயங்காலம் திரும்பும்போது தெற்கே வருகிறது, வெயில் மேற்கே, அதுவும் வலது பக்கம். அப்போதும் 'ஏ'! போகும்போது நிலம், வரும்போது கடல். ஒரே எழுத்தில் இரண்டும் கிடைத்துவிடுகிறது.

எத்தனையாவது வரிசை? வாகைக்குளத்துக்கு வந்துபோவது பெரும்பாலும் ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த விமானம். பக்கத்துக்கு இரண்டு சீட். பெரிய ஜெட்டில் நடுவில் உட்கார்ந்தவருக்கு இறக்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பதே வேலை. ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே. கீழே பார்க்க மறைப்பு கிடையாது. முன்பாதியில் மட்டும் விசிறி கண்ணுக்கு நேரே சுற்றும், இரைச்சலும் அங்கேதான். பின்பாதியில் எடுங்கள், ஏறுகிற வாசலும் பின்னால்தான். ஜெட்டைப் போல 35,000 அடிக்கெல்லாம் இது போகாது, இதன் உச்சமே 25,000 அடி. அதனால் குளத்துக் கரையும் மடையும் வயல் வரப்பும் நன்றாகப் பிடிபடும். 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள், 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியும் ஆகிவிட்டது. ஆகவே ஜெட் விமானம் வந்தால் இந்த வரிசைக் கணக்கு மாறும். டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் ரகம் போட்டிருக்கும், ஒரு பார்வை பாருங்கள்.

இனி நான் வகுப்பு எடுத்தே தீருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கே பார்த்து ஏறும். அப்போது இடது ஜன்னலில் தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் பச்சைப் பட்டையாக வாழையும் நெல்லும். அதைத் தாண்டித் தெற்கே செக்கச்செவேல் என்று தேரிக்காடு. வலது பக்கம் வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் வரை கரிசல். கறுப்பு, பச்சை, சிவப்பு. 'மண் வகைகள்' பாடத்தைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எத்தனை வருஷம் வரைந்திருப்பேன்! முதல் தடவை மேலே இருந்து பார்த்தபோது, நான் வரைந்ததில் பச்சையை ரொம்ப அகலமாகப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஆறு அத்தனை ஒல்லியான பச்சைக் கோடு.

பிறகு வடக்கே போகப் போக, காவிரியும் கொள்ளிடமும் அருகருகே இரண்டு கோடாக வரும். மேகம் இல்லாவிட்டால் இடது பக்கம் தூரத்தில் அது பிரிகிற ஸ்ரீரங்கம் பக்கம் வரை பார்க்கலாம். திரும்பி வரும்போது மேல்காற்று இருந்தால் கடல் மேலிருந்து மேற்கே பார்த்து இறங்குவார்கள். உங்கள் 'ஏ' ஜன்னலில் புன்னைக்காயல் பக்கம் ஆறு கடலில் கலப்பது தெரியும், உப்பளங்கள் சதுரம் சதுரமாக வரும். துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அது வலது பக்கம். வீட்டுக்காரரை அங்கே உட்காரச் சொல்லுங்கள். முதல் பயணம், பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் ஒருவருக்கு ஜன்னல் போய்விடும். ஆளுக்கொரு ஜன்னல் என்று நான் சொல்வேன். அதனால் வருகிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

ஜன்னல் சீட் என்று கூடுதல் பணம் கட்டினேன். போய் உட்கார்ந்தால் சுவர். ஜன்னலே இல்லை. இது ஏமாற்று இல்லையா?
— வாசகர், பாளையங்கோட்டை

ஐயா, கையைக் கொடுங்கள். எனக்கும் நடந்தது. சென்னையில் இருந்து டெல்லி வரை, இரண்டே முக்கால் மணி நேரம், வெளிர் சாம்பல் நிறச் சுவர். விந்திய மலை, நர்மதை எல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. பணிப்பெண்ணிடம் சொன்னேன். "மேம், இது விண்டோ சைட் சீட்" என்றாள். சைட்! அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. ஊருக்கு வந்ததும் பணத்தைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, பணம் வரவில்லை.

காரணம் இதுதான். விமான உடம்பின் விலா எலும்புகளுக்கு நடுவில்தான் ஜன்னல் வைக்க முடியும். அது ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒன்று. சீட்டு வரிசையோ கம்பெனிக்காரர் இஷ்டம். குறைந்த கட்டண விமானங்களில் 70, 75 சென்டிமீட்டருக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. அதனால் சிலருக்கு ஒன்றரை ஜன்னல், சிலருக்கு முன்சீட்டுக்காரரின் பிடரிக்கு நேரே பாதி ஜன்னல். இது போக, போயிங் 737 போன்றவற்றில் இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறுகிறது. அந்த இடத்தில் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்தது அப்படி ஒரு வரிசையாக இருக்கலாம்.

சீட் வரைபடம் போடும் இணையதளங்களில் விமான ரகத்தைத் தட்டிப் பார்த்தால் இந்தக் குருட்டு வரிசைகளைக் குறித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜெட் என்றால் இன்னொன்று: இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினில் இருந்து வரும் அனலில் கீழே உள்ள காட்சி கானல் மாதிரி அலையும். 180 பேர் ஏறும் விமானத்தில் ஏறத்தாழ பத்தாம் வரிசையில் இறக்கை தொடங்கிவிடும். முன்னால் ஏழுக்குள் கிடைத்தால் நல்லது.

எங்கள் கோஷ்டி பதினான்கு பேர் ஐப்பசியில் முக்திநாத் யாத்திரை போகிறோம். டெல்லியில் இருந்து காட்மாண்டு விமானம். எவரெஸ்ட் தெரியுமா? எந்தப் பக்கம் உட்காருவது?
— வாசகர், ஆழ்வார்திருநகரி

சுவாமி, ஒன்பது திருப்பதிகளையும் வாசல்படியில் வைத்துக்கொண்டு இருப்பவர்கள் அத்தனை தூரம் போகிறீர்கள், பாக்கியம். போகும்போது இடது பக்கம். விமானம் கிழக்கே போகிறது, இமயம் முழுக்க வடக்கே. திரும்பும்போது வலது பக்கம். இங்கே வெயில் சிக்கலே கிடையாது. ஐப்பசியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அதாவது மலைக்கு எதிர்ப்பக்கம். வெளிச்சம் நேராகப் பனியில் விழும். மழை ஓய்ந்து காற்றும் தெளிந்திருக்கும். மாதத்தை நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.

எவரெஸ்ட் ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அது காட்மாண்டுக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டெல்லியில் இருந்து வருகிற விமானம் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடும். உங்களுக்குத் தெரியப்போவது தவுளகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091, மனாஸ்லு 8,163. அதையெல்லாம் பார்த்துவிட்டு "எவரெஸ்ட் பார்த்தாச்சு" என்று ஊரில் வந்து சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். மறுப்பதில்லை, அவர்கள் சந்தோஷத்தை ஏன் கெடுப்பானேன்.

உண்மையான விருந்து அதற்குப் பிறகு. முக்திநாத் போகிற வழியில், போக்ராவில் இருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் இருபது நிமிஷம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், சாளக்கிராமம் கிடைக்கிற அதே ஆற்றின் வழியாக, மலைகளுக்கு ஊடே போகிறது. போகும்போது இடது பக்கம் தவுளகிரி, வலது பக்கம் அன்னபூர்ணா, நீலகிரி. நம்ம ஊட்டி நீலகிரி இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது. மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பறக்கிற இடம் அது. வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும் என்பதால் விமானங்கள் காலையிலேயே போய்விடும். குளித்துப் பூஜை முடித்துத்தான் வருவேன் என்று யாராவது அடம்பிடித்தால் பதின்மூன்று பேராகப் போய்விடுங்கள்.

மகன் ஷார்ஜாவுக்குக் கூப்பிடுகிறான். திருவனந்தபுரத்தில் இருந்து ராத்திரி விமானம். பேரன் ஜன்னல் வேணும் என்கிறான். எனக்கு எந்த சீட் நல்லது?
— வாசகி, கடையநல்லூர்

ஏறத்தாழ நாலு மணி நேரம், கீழே முழுக்க அரபிக்கடல், அதுவும் இருட்டில். உங்களுக்கு நடைபாதை ஓரம்தான் நல்லது. கால் நீட்டலாம், எழுந்து போகலாம். இறக்கைக்குப் பக்கத்து வரிசை கேளுங்கள், அங்கே குலுக்கல் குறைவு. ராத்திரியில் இறக்கை மறைத்தால் என்ன நஷ்டம்? பேரனுக்கு ஏறும்போது கொஞ்சம் மீன்பிடி வள்ளங்களின் விளக்கு, இறங்கும்போது பாலைவன ஊரின் விளக்குகள். நடுவில் தூங்கிவிடுவான்.

திரும்பி வருவது பகல் விமானமாக இருந்தால் அவனுக்கு 'ஏ' எடுங்கள். தெற்கே இருந்து வந்து இறங்கினால் இடது பக்கம் விழிஞ்சம் துறைமுகம், கோவளம் கடற்கரை, அப்புறம் தென்னந்தோப்பு, உடனே ஓடுபாதை. வடக்கே இருந்து இறங்கினால் கடல் மறுபக்கம் போய்விடும். அது காற்றின் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை.

மொபைலில் படம் எடுத்தால் எல்லாமே மங்கலாக வருகிறது. ஜன்னலின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வேறு இருக்கிறது. அது எதுக்கு?
— கல்லூரி மாணவர், பேட்டை

தம்பி, அந்த ஓட்டையைப் பார்த்தாய் பார், உனக்கு முழு மதிப்பெண். நாம் கை வைக்கிற பலகை வெறும் மேல்மறைப்பு. அதற்கு அப்பால் இரண்டு அடுக்கு இருக்கிறது. நடு அடுக்கில் உள்ள அந்தத் துளை வழியாக அறைக்காற்று உள்ளே போவதால், அழுத்தம் முழுவதையும் வெளி அடுக்கு தாங்குகிறது. நடு அடுக்கு அவசரத்துக்கு. துளை இருப்பதால் இடையில் ஈரம் தங்காது, ஜன்னல் பனி மூடாது. சில சமயம் அதைச் சுற்றி மட்டும் பனிப்பூ பூத்திருக்கும்.

படத்துக்கு: மொபைலை ஜன்னலுக்கு ஒட்டினாற்போல் பிடி, ஆனால் அழுத்தாதே, அதிரும். ஃபிளாஷை அணை. வெளிர் நிறச் சட்டை கண்ணாடியில் எதிரொளிக்கும், கறுப்புச் சட்டை போட்டுப் போ. ஏறின பத்து நிமிஷமும் இறங்குகிற பத்து நிமிஷமும்தான் படம். உயரத்தில் எல்லாம் நீலப் புகை. ராணுவம் பயன்படுத்தும் விமான நிலையத்தில் இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு இரு, அறிவிப்பு வரும், படம் எடுக்கக் கூடாது.

வெயில் படாத பக்கம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பரிசு உண்டு. கீழே மேகம் இருந்தால் அதன் மேல் விமானத்தின் நிழல் ஓடும், நிழலைச் சுற்றி வட்டமாக வானவில் நிறம். மேகத் துளிகளில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால் வருவது. சூரியனுக்கு நேர் எதிரே மட்டும்தான் தெரியும். அந்த வட்டத்தின் நடுப்புள்ளி விமானத்தில் நீ உட்கார்ந்திருக்கிற இடம். பின்வரிசைக்காரனுக்கு அவன் இருக்கிற இடம் நடு. இதை நிஜமா என்று பார்த்து எனக்கு எழுது.

என் ஜன்னல் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். என்ன செய்ய?
— வாசகர், சங்கரன்கோவில்

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது. போர்டிங் பாஸைக் காட்டுங்கள், பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். கர்ப்பிணியோ, குழந்தையோ என்றால் விட்டுக்கொடுங்கள். நடுவயது ஆண் என்றால் விடாதீர்கள்.

காரையாறு அணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அகத்தியர் மலையையும் அணைகளையும் மேலே இருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். வாகைக்குளம் விமானத்தில் தெரியுமா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

அண்ணாச்சி, வாகைக்குளம் விமானத்தில் மலை தூரத்து நீலக் கோடுதான். உங்களுக்குத் திருவனந்தபுரம்–சென்னை விமானம் சரி. அது வடகிழக்கே மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏறின சில நிமிஷத்தில், இன்னும் உயரம் பிடிக்காமல் இருக்கும்போதே, வலது பக்கம் 1,868 மீட்டர் அகத்தியர் மலை. அதற்கு அந்தப் பக்கம் காரையாறு, சேர்வலாறு, இன்னும் தள்ளி மணிமுத்தாறு. பேப்பரில் தினம் 143 அடி, 156 அடி, 118 அடி என்று வரிசையாகப் போடுவார்களே, அந்த மூன்றும் ஒரே ஜன்னலில். ஆனால் காலை விமானம் என்றால் வலது பக்கம் வெயில் எதிரே நிற்கும், மலை கறுப்பாகத்தான் தெரியும்.

அதனால் நான் சொல்வது தலைகீழ் வழி. சென்னைக்கு ரயிலில் போய்விடுங்கள். சென்னையில் இருந்து பிற்பகல் விமானத்தில் திருவனந்தபுரம் வாருங்கள், இடது பக்கம். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கே இருந்து மலையின் முகத்தில் விழும். நாலு மணி வாக்கில் மடிப்பு மடிப்பாகப் பிரியும்.

மாதமும் முக்கியம். ஜூன், ஜூலையில் மலையாளப் பக்கத்து மேகம் மலை முகட்டில் வந்து முட்டி நிற்கும். அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர், நம்ம பக்கம் வெட்டவெளி. அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அணை தெரியாது. தை மாதம் போங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, குளம் எல்லாம் பெருகி, பிசான நெல் பச்சையாக நிற்கும்.

அம்மாவை நான் அப்படித்தான் கூட்டி வந்தேன். கல்லிடைக்குறிச்சிக்காரி, அப்போது 79 வயது, அதுதான் முதல் விமானம். ஒரு மணி நேரம் கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லிக்கொண்டு இருந்தாள். மலை வந்ததும் தோளைத் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியில் விரல் வைத்து, "ஏட்டி, மணிமுத்தாறு நெறஞ்சு கெடக்கே. இதுல நம்ம கன்னடியன் கால்வாய் எது?" என்றாள். அத்தனை உயரத்தில் கால்வாய் எங்கே தெரிகிறது? ஆனால் பச்சை எங்கே தொடங்குகிறதோ அந்த ஓரத்தைக் காட்டி, "அதான்" என்றேன். "அப்போ வயலுக்குத் தண்ணி போகுது" என்று சொல்லிவிட்டு, தரையில் சக்கரம் தொடும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

டிக்கெட் எடுக்கிற பையனிடம் '4ஏ' என்று கேளுங்கள். அம்மாவுக்கு நான் எடுத்தது அதுதான்.